கெடாவுக்கு ஊற்றிய தண்ணீர்

கெடா துளுக்க மாட்டேன் என்று நின்றது.

காவிரிக் கரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கருப்பணார் கோயில் அது. கெடாவின் கழுத்தில் அரளி மாலை, முதுகெல்லாம் மஞ்சள் தண்ணீர். ஒரே ஒரு முறை துளுக்கினால், அதாவது உடம்பைச் சிலிர்த்து உதறிவிட்டால் போதும். சாமி சம்மதம் சொல்லிவிட்டது என்று பூசாரி கை காட்டுவார், மேளம் முழங்கும், அடுப்பு எரியும், பங்காளிகள் மாமன் மச்சான்கள் எல்லாருக்கும் கறிச்சோறு. உதறாத கெடாவை வெட்டக் கூடாது. இந்த விவரம் அதற்கும் தெரிந்திருந்ததோ என்னவோ, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆளைப் போலத் தூரத்தில் எதையோ பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப் திறந்திருந்தது. எதிரில் இன்னொரு நாற்காலியில் சரிதா உட்கார்ந்திருந்தாள். கெடாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஆசையில்லை. காலையிலிருந்து செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோப்பு முழுக்கச் சுற்றியதில், சிக்னல் இரண்டு கோடு காட்டிய இடம் கோயில் வாசல் ஒன்றுதான்.

அன்றைக்கென்று பார்த்து அவளால் விடுப்பு எடுக்க முடியவில்லை. பெங்களூரில் ஒரு கம்பெனியில், செல்போன் செயலிகளுக்குத் திரைகளை வடிவமைப்பது அவள் வேலை. எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதைத் தொட்டால் அடுத்து என்ன வர வேண்டும் என்று யோசித்து யோசித்து வரைவாள். பரமத்தி வேலூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடி, சோதனையாக ஒரு மாதம் வாங்கியிருந்தாள். அந்த மாதம் இன்றோடு முடிகிறது. மாலை நாலு மணிக்கு ஹூப்ளிக்காரர் ஒருவருக்கு, அவருடைய பஸ் கம்பெனிக்கான டிக்கெட் செயலியைக் காட்ட வேண்டும். "அது நல்லபடியா முடிஞ்சா நீ ஊர்லயே இரு. சொதப்புச்சுன்னா திங்கட்கிழமை இங்க வந்து உக்காரு," என்று மேலாளர் ஷைலஜா சொல்லிவிட்டார்.

பெங்களூர் என்றால் நாலு பேர் தங்கும் அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். ஆபீசுக்குப் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். ரஷ்யாவில் பனியில் மாட்டிக்கொண்ட ஒரு ரயிலைப் பற்றிய மொழிபெயர்ப்பு நாவல் அவள் தலையணைக்கடியில் ஒரு வருடமாகக் கிடந்தது. ரயிலும் நகரவில்லை, அவளும் நகரவில்லை. ஊருக்கு வந்த இந்த மாதத்தில் அந்த ரயில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தடித்தடியாக இன்னும் இரண்டு நாவல்களையும் படித்துவிட்டாள். மொட்டை மாடியில் ஆற்றுக்காற்று வந்து பக்கத்தைப் புரட்டும்போது, இதைவிட்டுப் போக முடியாது என்று தோன்றிவிட்டது. காரணம் அவ்வளவுதான். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

கடைசியாகச் சில திரைகளில் எழுத்துகளைப் பெரிதாக்கிவிட்டு, மொத்தத்தையும் கம்பெனி சர்வருக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கோடு சிக்னலில் அது எறும்பு அரிசி தூக்குவதுபோல் போய்க்கொண்டிருந்தது.

கெடா துளுக்காவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கூட்டத்தில் யாருக்கோ மனக்குறை இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

"யாருக்காச்சும் கொறை இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க," என்றார் பூசாரி. "பொறவு சாமிய நோவக் கூடாது."

"எனக்கு ஒரு கொறையுமில்லீங்க," என்றாள் பெரியம்மா மாரக்காள், குறை உள்ள குரலில். "போன வருசம் எனக்கு மட்டும் தலைக்கறி வெக்காம உட்டுட்டாங்க. அதையெல்லாம் நான் மனசுல வெச்சுக்கலீங்க."

"ஏனுங்க்கா, சளி புடிச்சிருக்குது, கறி வேண்டாம்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் மாமா தங்கசாமி. இந்த வருடம் கெடா வெட்டு அவருடைய வேண்டுதல்.

"வேண்டாம்னா? மறுக்காக் கேக்கக் கூடாதா?"

"செரி, இந்தவாட்டி தலையே உங்களுக்குத்தான். சாமி, கேட்டுக்கிட்டயா? துளுக்கு!"

ஒரு சொம்புத் தண்ணீர் கெடாவின் மேல் விழுந்தது. அது ஒரு காதை மட்டும் ஆட்டியது.

"காது கணக்கில்லீங்க," என்றார் பூசாரி.

இப்போது எல்லாருடைய பார்வையும் மெல்லத் திரும்பி சரிதாவின் மேல் வந்து நின்றது.

"அதான பாத்தேன்," என்றாள் மாரக்காள். "ஊரே சாமிய வேண்டிக்கிட்டு நிக்குது. இவ ஒருத்தி பொட்டிய நோண்டிக்கிட்டு உக்காந்திருந்தா அது எப்படித் துளுக்கும்?"

"ஏஞ்சாமி, சித்த எந்திரிச்சு வந்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போயேன்," என்று அம்மா தெய்வநாயகி கெஞ்சினாள்.

"ரெண்டே நிமிசம்மா. ஏறிக்கிட்டு இருக்குது. பாதிக்கு மேல ஏறிருச்சு."

தங்கசாமிக்குப் பொறுமை போய்விட்டது. அவர் தெய்வநாயகியின் தம்பி; நாமக்கல்லில் லாரி வைத்து ஓட்டுகிறவர். எதையும் அளவாகச் செய்யத் தெரியாத மனிதர். டீக்கடையில் ஆளுக்கு ஒரு போண்டா என்று ஆரம்பித்துக் கடைசியில் தட்டோடு வாங்கிவிடுவார். சொம்பைக் கீழே போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கினார்.

"கருப்பணாரே!" என்று கத்திக்கொண்டு முழுக் குடத்தையும் வீசினார்.

கெடா நாகரிகமாக ஓர் எட்டு நகர்ந்துகொண்டது.

வாசல் முழுக்க ஒரு நொடி மஞ்சளாகத் தெரிந்தது. தண்ணீர் அலையாக வந்து லேப்டாப்பின் மேல் படுத்து, விசைகளுக்கு இடையில் இறங்கி, நாற்காலியின் ஓட்டைகள் வழியாக மண்ணில் ஒழுகியது. எல்லாரும் "ஓ" என்று கத்தியதில் கெடா துளுக்கிவிட்டது என்று நினைத்து மேளக்காரர்கள் பிளந்துகட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர்களை நிறுத்த இரண்டு பேர் ஓட வேண்டியிருந்தது.

சரிதா இருந்த இடத்தில் அப்படியே இருந்தாள். முகத்திலிருந்து மஞ்சள் சொட்டியது. லேப்டாப் திரை பளபளவென்று எரிந்துகொண்டுதான் இருந்தது.

"ஒண்ணும் ஆவல, ஒண்ணும் ஆவல! எரியுது பாரு!" என்றார் தங்கசாமி, குடத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே.

சரிதா கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்து நாலு வார்த்தை பேசுவதற்குள் அந்தப் பக்கம் இருந்தவர், "தமிழா? தமிழ்லயே சொல்லுங்க மேடம். நான் இளஞ்செழியன். லேப்டாப் இப்ப ஆன்ல இருக்கா?" என்றார்.

"இருக்குதுங்க. நல்லாத்தான் ஓடுது."

"ஆஃப் பண்ணுங்க."

"இல்லீங்க, ஒரு ஃபைல் ஏறிக்கிட்டு இருக்குது. இன்னும் கொஞ்சந்தான்..."

"மேடம். ஷட் டவுன் போட்டுக் காத்திருக்கக்கூட வேண்டாம். பவர் பட்டன அமுக்கிப் பிடிங்க. அணையற வரைக்கும் கைய எடுக்காதீங்க."

திரையில் நீலக் கோடு பாதியைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அது முழுதாக ஓடிவிட்டால் நாலு மணிக் கூட்டம் பிழைத்துவிடும். மொட்டை மாடியும் பிழைத்துவிடும். சரிதாவின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"தண்ணி மட்டும் போனா பெருசா ஒண்ணும் ஆகாது மேடம். கரண்ட்டும் தண்ணியும் சேர்ந்தாத்தான் போர்டு போகும். இப்ப ரெண்டும் உள்ள இருக்கு," என்றார் இளஞ்செழியன். அவர் குரலில் அவசரம் இல்லை. அதனாலேயே பயமாக இருந்தது.

அவள் அமுக்கினாள். நீலக் கோடு பாதியிலேயே நின்று, திரை கறுத்து, அதில் அவள் முகமும் பின்னால் வேப்பமரமும் தெரிந்தன.

"ஆஃப் ஆயிருச்சுங்க."

"நல்லது. சார்ஜர், மவுஸ், எது சொருகியிருந்தாலும் உருவிருங்க. அப்புறம் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரிச்சு, கீபோர்டு கீழ பாக்கற மாதிரி கவுத்து வைங்க. கூடாரம் மாதிரி. அடியில துணி. குலுக்காதீங்க, உதறாதீங்க. உள்ள இருக்கற தண்ணி போகாத எடத்துக்கெல்லாம் போயிரும்."

தங்கசாமி தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி மண்ணில் விரித்தார். லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்ததும் துண்டில் மஞ்சள் வட்டங்கள் விழத் தொடங்கின. ஓர் அரளி இதழ் விசைகளுக்கு நடுவிலிருந்து நழுவி விழுந்தது.

"என்ன தண்ணி மேடம்? குடிக்கற தண்ணியா?"

"காவிரித் தண்ணிங்க."

"சரி."

"மஞ்சள் கலந்திருக்குது."

"மஞ்சளா?"

"வேப்பெலையும் கொஞ்சம்."

"மேடம், நீங்க எங்க இருக்கீங்க?"

சரிதா கண்ணை மூடிக்கொண்டாள். "கோயில்லங்க. கெடாவுக்கு ஊத்துன தண்ணி."

"துளுக்குச்சா?" என்றார் இளஞ்செழியன் உடனே. "எனக்கு ராசிபுரம் மேடம். அதான் கேட்டேன்."

"இன்னும் இல்லீங்க."

"போன வருசம் எங்க ஊட்டுலயும் சாயங்காலம் வரைக்கும் நிக்க வெச்சுருச்சு," என்றார் அவர், ஆபீஸ் குரல் கழன்றுபோய்.

இதற்குள் கூட்டம் கெடாவை விட்டுவிட்டு லேப்டாப்பைச் சுற்றி நின்றது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். போன மாதம் தன் செல்போன் மாட்டுத் தொட்டிக்குள் விழுந்தபோது அரிசிக்குள் புதைத்துத்தான் பிழைத்தது என்றாள் மாரக்காள். சொன்னதோடு நிற்கவில்லை, சமையல் கொட்டகையிலிருந்து அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே சமையல்காரர் ஓடி வந்தார்.

"அக்கா, அது சோத்துக்கு வெச்சிருக்கற அரிசி! அதுல கண்டதையும் போட்டா நாளைக்கு எவனாச்சும் வாந்தி எடுத்துட்டு என்ற பேரச் சொல்லுவான்!"

"அரிசி வேண்டாம்," என்றது செல்போன், ஸ்பீக்கரில். "தூசி உள்ள போகும். தண்ணியக் குடிக்கவும் குடிக்காது."

"கேட்டுக்குங்க்கா!" என்று சமையல்காரர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"அப்ப வெயில்ல வெக்கட்டுங்களா?"

"வெயில் கூடாது. நெழல்ல, காத்தாட. ஹேர் டிரையர் மாதிரி சூடு எதுவும் காட்டாதீங்க."

பூசாரி தன்னால் ஆனது என்று ஒரு சிட்டிகை திருநீறை எடுத்து லேப்டாப்பின் முதுகில் வைத்தார்.

"இப்ப என்ன பண்றாங்க மேடம்?"

"திருநீறுங்க."

"வெளிப்பக்கமா இருந்தா பரவால்ல."

கடைசியாக, எங்கிருந்தோ பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. தங்கசாமி, ஆட்களை ஏற்றிவந்த தன் லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்தி, டயருக்குக் காற்றடிக்கும் குழாயோடு ஓடி வந்தார். "தள்ளுங்க, தள்ளுங்க! ஒரே அடி! லாரி ஏர்ஃபில்டரே பளிச்சுனு ஆயிரும்!"

"வேண்டாம்!" என்று சரிதாவும் இளஞ்செழியனும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"இருக்கற தண்ணிய அது உள்ள ஏத்திரும்," என்றார் இளஞ்செழியன். "யாரும் ஒண்ணும் செய்யாதீங்க. அதுதான் வைத்தியமே. ரெண்டு நாளைக்கு ஆன் பண்ணவே கூடாது. நடுவுல ஒருக்கா போட்டுப் பாக்கலாம்னு கை துறுதுறுங்கும். போட்டீங்க, முடிஞ்சுது. அப்புறம் சர்வீஸ் ஆள் பிரிச்சுப் பாத்துக்குவாரு." கொஞ்சம் தயங்கி, "சாமிய நானும் கேட்டதாச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டார்.

"துளுக்கிருச்சு!" என்று அப்போது மாரக்காள் அலறினாள்.

எல்லாரும் திரும்பினார்கள். கெடா முன்போலவே தூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"என்ற கண்ணால பாத்தேன்! நீங்கெல்லாம் பொட்டியப் பாத்துக்கிட்டு நின்னீங்க. தலையில இருந்து வாலு வரைக்கும் சும்மா அப்படி ஒரு உதறு!"

"நாலு பேரு பாக்கோணுமுங்க," என்றார் பூசாரி. "அதுவுந் தலைக்கறி வாங்கற ஆளு சொல்லி எப்படி ஒத்துக்கறது?"

மாரக்காளுக்குக் கோபம் வந்து, அம்மா சமாதானம் பண்ணி, மறுபடி தண்ணீர் எடுத்தார்கள். இந்த முறை தங்கசாமியைக் குடத்தின் பக்கமே விடவில்லை. லேப்டாப்பைத் துண்டோடு தூக்கி வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோன பிறகுதான் பூசாரி சொம்பைத் தொட்டார். முதல் தெளிப்பிலேயே கெடா தலைமுதல் வால்வரை உதறியது. மேளக்காரர்கள் எதற்கும் ஒருமுறை கேட்டுக்கொண்டு அடித்தார்கள்.

மதியத்துக்குமேல் தோப்பெல்லாம் மசாலா வாசம். சரிதா வேப்பமரத்தடியில், கூடாரம் போட்டு நிற்கும் லேப்டாப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரைகளில் முதல் பாதிதான் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மீதி எல்லாம் இந்தக் கூடாரத்துக்குள். அதுவும் நல்ல பாதி. அவள் ஆசை ஆசையாக வரைந்த பாதி.

"நாமக்கல்லுல இருந்து வேற பொட்டி வாங்கியாரச் சொல்லட்டுமா கண்ணு?" என்றார் தங்கசாமி. அவர் இன்னும் சாப்பிடவில்லை. இலையைப் போட்டுக் கூப்பிட்டும் போகவில்லை.

"ஆபீஸ் பொட்டியில இருந்துதான் உள்ள போவ முடியும் மாமா. வேற எதுல இருந்தும் உடாது."

துண்டில் இப்போது புதிதாகச் சொட்டு விழவில்லை. விசைகள் காய்ந்துவிட்டதுபோல் தெரிந்தன. அவள் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. மணி மூன்றரை. ஒரு நிமிடம் போட்டால் போதும். ஃபைல் இருக்கிறதா என்று பார்த்து, ஒரே அழுத்தில் ஏற்றிவிடலாம். கெடாவே சம்மதித்துவிட்டது, இது சம்மதிக்காதா?

லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துத் திருப்பினாள். பொத்தானின் மேல் ஒரு பெரிய கை வந்து மூடியது.

"அந்தத் தம்பி என்ன சொல்லுச்சு?" என்றார் தங்கசாமி.

"காஞ்சிருச்சு மாமா. ஒரே நிமிசம்."

"மேல காஞ்சிருக்கும். உள்ள உனக்குத் தெரியுமா? போன மழையில என்ற வண்டி ஒண்ணு பாலத்தடியில தண்ணிக்குள்ள நின்னுபோச்சு. டிரைவர் இப்படித்தான், வடிஞ்சிருச்சுன்னு சாவியத் திருப்பிட்டான். எஞ்சினே போச்சு. சும்மா உட்டிருந்தாச் சேத்தக் கழுவிட்டு ஓட்டியிருக்கலாம்." அவர் கையை எடுக்கவில்லை. "நான் ஒருக்காக் கெடுத்துட்டேன் சாமி. மறுக்கா நீ கெடுக்காத."

"நாலு மணிக்கு நான் எதக் காட்டறது மாமா? திங்கக்கெழம மறுபடி அந்த ரூமுக்குப் போவச் சொல்றீங்களா?"

தங்கசாமி அங்குமிங்கும் பார்த்தார். "காட்ட முடியாட்டி வாயில சொல்லேன். சின்ன வயசுல நீ படிச்ச கதையெல்லாம் எங்கிட்டச் சொல்லுவியே. இந்த மாசங்கூட ஒண்ணு சொன்னியே, ஒரு ரயிலு, பனி, அதுல ஒரு பொம்பள. படம் எங்க இருந்துச்சு? எனக்குக் குளிரெடுத்துச்சே."

அது நல்ல யோசனையாக அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் கையில் வேறெதுவும் இல்லை. லேப்டாப்பை மறுபடி கவிழ்த்து வைத்துவிட்டுக் கோயில் வாசலுக்கு நடந்தாள். கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாமா, காய்ச்சல் என்று சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தாள். ஷைலஜா போனை எடுத்ததும் உண்மைதான் வந்தது.

"மேடம், லேப்டாப்ல தண்ணி கொட்டிருச்சு. ஆன் பண்ணக் கூடாதுன்னுட்டாங்க. பாதி ஸ்கிரீன்தான் உங்ககிட்ட இருக்கு."

"இன்னிக்கா?" என்றார் ஷைலஜா. அவர் கோலார் தங்கவயல்காரர். கோபம் வந்தால் சுத்தமான தமிழில் வரும். "இன்னிக்கேவா சரிதா? மீதியை என்ன பண்றது?"

"நீங்க முதல் பாதியக் காட்டுங்க. மீதிய நான் சொல்றேன்."

"சொல்லி?"

"சொல்லித்தான், மேடம்."

ஷைலஜா பெருமூச்சு விட்டார். "வேற வழி? லைன்ல இரு."

தங்கசாமி கூட்டத்துக்குள் புகுந்து, "புள்ள பேசுது! ஒருத்தரும் மூச்சு உடக் கூடாது!" என்று அந்தத் தோப்பே அதிரும்படி கத்தி அமைதியை ஏற்படுத்தினார்.

ஹூப்ளிக்காரர் பெயர் பாட்டீல். ஆங்கிலத்தை நிறுத்தி நிதானமாகப் பேசினார். முதல் பாதித் திரைகளை ஷைலஜா காட்டக் காட்ட, "சரி... சரி..." என்று மட்டும் சொன்னார். அந்தச் 'சரி'யில் உயிரே இல்லை. பிறகு திரைகள் தீர்ந்துபோயின.

சரிதா தொண்டையைச் செருமிக்கொண்டாள். கண்ணுக்கு நேரே, பந்தியில் மாரக்காள் உட்கார்ந்து தலைக்கறியைச் சண்டையில் ஜெயித்த முகத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரு அம்மா இருக்காங்க," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "அறுபது வயசு. பரமத்தி வேலூர்ல இருந்து சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். கையில ஒரு பெரிய பை. ஒரு கையால பையைப் பிடிச்சிருக்காங்க, அதனால போனுக்கு ஒரு கட்டைவிரல்தான் மிச்சம். நம்ம செயலியத் திறந்ததும் அவங்களுக்கு ரெண்டே பொத்தான் தெரியுது. ரெண்டும் கட்டைவிரல் எட்டற எடத்துல..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். திரைகளை வரைந்தது அவள்தான். ஒவ்வொன்றும் மூடிய கண்ணுக்குள் வரிசையாக நின்றது. எந்தப் பக்கம் வெயில் விழும் என்று அந்த அம்மாவுக்கு இருக்கைப் படத்திலேயே தெரிகிறது. பஸ் எந்தத் திசையைப் பார்த்து நிற்கும் என்று தெரிகிறது. பேரன் வீட்டிலிருந்தபடியே பாட்டி எந்த ஊரைத் தாண்டினாள் என்று பார்க்கிறான்.

"பஸ் லேட்டானா?" என்று பாட்டீல் குறுக்கிட்டார். முதல்முறையாக ஒரு கேள்வி.

"லேட்டுன்னு அந்தம்மா கேக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடறோம். டீ குடிக்க நேரம் இருக்கான்னும் சொல்றோம்."

"அவங்க கண்ணாடி போட்டிருக்காங்களா?"

சரிதா மாரக்காளைப் பார்த்தாள். "கண்ணாடி பைக்குள்ள இருக்கு சார். எடுக்கச் சோம்பல். அதனால எழுத்து பெருசு."

சிரிப்புபோல ஏதோ கேட்டது. சரியாக அந்த நேரத்தில் தங்கசாமியின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. அது சாதாரண மணியோசை இல்லை. லாரியின் காற்று ஹாரன். இரண்டு முறை வளைந்து வளைந்து முழங்கியது. வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. தங்கசாமி செல்போனைப் பிடுங்கி எடுத்துச் குழம்பு வாளிக்குள் போடப் போய், கடைசி நொடியில் சமையல்காரர் தடுத்துவிட்டார்.

"அது லாரிதானே?" என்றார் பாட்டீல். "நீங்க எங்க இருக்கீங்க?"

ஷைலஜா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் சரிதா, "கோயில்ல இருக்கேன் சார்," என்று முழுவதையும் சொல்லிவிட்டாள். கெடாவை, குடத்தை, குடத்தை வீசிய மாமாவை, கூடாரத்தை.

"அந்தக் கையில பையோட இருக்கற அம்மா," என்றார் பாட்டீல் மெதுவாக, "அவங்களும் அங்கதான் இருக்காங்களா?"

"ஆமா சார். சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

பாட்டீல் சிரித்தார். இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாத சிரிப்பு. "என் அம்மாவும் கண்ணாடியை எடுக்க மாட்டாங்க. எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க. மீதி அப்படியே இருக்கட்டும். லேப்டாப் நல்லானதும் படத்தை அனுப்புங்க," என்று போய்விட்டார்.

இணைப்பில் ஷைலஜா மட்டும் இருந்தார். சரிதா அவர் பேசுவதற்குக் காத்திருந்தாள். எதையோ தட்டச்சு செய்யும் சத்தம்தான் கேட்டது. பெஞ்சில் ஏறி நின்ற தங்கசாமி, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கையாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம்," என்றாள் சரிதா. "சொதப்புனா திங்கக்கிழமை வரச் சொல்லியிருந்தீங்க. காலையில கிளம்பி வந்துடறேன். லேப்டாப்பயும் கொண்டு வந்து குடுத்துடறேன்."

"எதுக்கு?"

"மேடம்?"

"நீ எதுக்கு அதைத் தூக்கிட்டு இவ்வளவு தூரம் வரணும்? புது லேப்டாப்ப நான் கொரியர்ல அனுப்பறேன். கொரியர்காரனே பழசை வாங்கிட்டு வந்துடுவான். அட்ரஸ் சொல்லு. இனிமே அங்கதானே இருக்கப்போற?"

சரிதாவுக்கு அது காதில் விழுந்து மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் வீட்டு முகவரி சுத்தமாக மறந்துபோய்விட்டது. செல்போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா! நம்மூட்டு அட்ரஸ் என்ன?"

"எதுக்குடி?"

"அனுப்பறாங்களாம்மா! புது லேப்டாப்ப இங்கயே அனுப்பறாங்களாம்! நான் போவ வேண்டியதில்ல!"

அதற்குப் பிறகு செல்போன் அவள் கையில் இல்லை. தங்கசாமி வாங்கி ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஏனுங்க மேடம், வணக்கமுங்க. தண்ணி ஊத்துனது நாந்தானுங்க. எழுதிக்குங்க. பரமத்தி வேலூர். பஸ் ஸ்டாண்டுல எறங்கி..."

"கொரியர்காரன் பஸ்ஸுலயாடா வருவான்?" என்று தெய்வநாயகி செல்போனை இழுத்தாள். "அம்மா, வெத்தல மண்டி இருக்குதுங்க பாருங்க, அதுக்கு எதுத்த சந்து..."

"மண்டி ரெண்டு இருக்குது. பழைய மண்டின்னு சொல்லு," என்று பந்தியிலிருந்து ஒரு குரல்.

"தண்ணி டேங்குக்குப் பக்கத்துல, பச்சைக் கேட்டு!"

"கேட்டுக்குப் போன மாசந்தான நீலம் அடிச்சாங்க?"

"நீலந்தான், ஆனாப் பச்சைக் கேட்டுன்னு சொன்னாத்தான் எல்லாத்துக்கும் தெரியும்!"

"ஊட்டுல ஆளில்லீன்னாப் பக்கத்துப் பேக்கரியில குடுத்துறச் சொல்லுங்க," என்று மாரக்காள் கை கழுவாமலே வந்து செல்போனை நோக்கிக் கத்தினாள். "மாரக்காள்னு என்ற பேரச் சொன்னா வாங்கி வெச்சுக்குவாங்க. தண்ணி கிண்ணி படாம ஓரமா வெக்கச் சொல்லுங்க!"

ஷைலஜா ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டார். பச்சை என்று சொல்லப்படும் நீலக் கேட்டை அவர் மேலும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டார். சிரிப்பை அடக்க முடியாமல் நடுநடுவே இருமினார். சரிதா, பூசாரி கொண்டுவந்து நீட்டிய இலைச்சோற்றைக் கையில் வாங்கிக்கொண்டு, அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து இப்போதுதான் பசித்தது.

"எல்லாம் எழுதிட்டேன்," என்றார் ஷைலஜா. "இனி ஒண்ணே ஒண்ணுதான். பின்கோடு சொல்லுங்க."

தோப்பில் அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.